கத்திரி வெயிலில் ஸ்டாக்ஃபிஷ்

தங்கை மகள் குடியாத்தத்திலிருந்து ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போதே கையில் ஸ்கோர் ஷீட் இருக்கும். போன செப்டம்பரில் ஒரு நாள் வந்தவள் இட்லிக்குக்கூட உட்காரவில்லை. வெள்ளைக் காய்களோடு ஆடி, பதினாறாவது நகர்த்தலில் எஃப்7 கட்டத்தில் குதிரையைக் கொடுத்திருக்கிறாள். ஆட்டம் தோற்றுவிட்டது. அவள் அப்பாவின் போனில் இருக்கும் என்ஜின், அதாவது செஸ் ஆட்டத்தை அலசும் நிரல், அந்தக் குதிரையை வீண் தானம் என்கிறது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"மாமா, போன்ல அஞ்சு செகண்டு ஓட்டிட்டு இன்னா தெரியும்? உங்க கம்ப்யூட்டர்ல போடுங்க."

போட்டேன். அங்கேதான் இந்தக் கதை ஆரம்பித்தது.

நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். சத்துவாச்சாரியில் வீட்டு மொட்டை மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அங்கே செஸ் சொல்லித்தருகிறேன். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததற்கு முன் நான்கு பேர் வருவார்கள். அதன் பிறகு உட்காரப் பாய் போதவில்லை. வாலாஜாவிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் வருகிறார்கள். மாவட்டம் வேறாகிவிட்டது, பஸ் அதேதான். அறையில் இருந்த கம்ப்யூட்டர் ஓர் ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய ஐ5-3470, நான்கு கோர், எட்டு ஜிபி ராம். லினக்ஸ் வகையான உபுண்டு போட்டு வைத்திருந்தேன். அதில் இருந்த ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின் பழைய பதிப்பு. சரி, புதுசு போட்டு ஓட்டுவோம் என்று இறக்கினேன். திறக்கவே இல்லை. செஸ் பலகை காட்டும் மென்பொருள் "என்ஜின் பதில் சொல்லவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றது.

டெர்மினலில் நேரடியாக ஓட்டிப் பார்த்தேன். "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று ஒரே வரி. வைரஸ், கெட்டுப்போன டவுன்லோட் என்று என்னென்னவோ நினைத்து மூன்று முறை திரும்ப இறக்கினேன். விஷயம் அது இல்லை. ஸ்டாக்ஃபிஷ்ஷை ஒரே கோப்பாகத் தருவதில்லை. எந்தப் பிராசசருக்கு எந்தக் கட்டளைகள் தெரியும் என்பதைப் பொறுத்துப் பல கோப்புகள். நான் எடுத்தது ஏவிஎக்ஸ்2 என்று பெயர் முடியும் கோப்பு. என் ஐ5 மூன்றாம் தலைமுறை. இன்டெலில் ஏவிஎக்ஸ்2 வந்தது 2013-ல், நான்காம் தலைமுறையோடு. கோப்பு ஒரு கட்டளையைச் சொல்கிறது, சிப்புக்கு அந்தக் கட்டளையே தெரியாது, நிரல் செத்துப்போகிறது. பழைய சிப்புகளுக்கான, எஸ்எஸ்இ41-பாப்கவுண்ட் என்று முடியும் கோப்பை இறக்கினேன். உடனே ஓடியது.

புதிதாக பிராசசர் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். உபுண்டுவில் எல்எஸ்சிபியு என்று தட்டினால் ஃபிளாக்ஸ் என்று நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ2 என்ற கட்டளைத் தொகுப்புகள் இருக்கிறதா என்று தேடினால் போதும். காட்பாடியிலிருந்து வரும் ஒரு பையன் வீட்டில் ரைசன் 5 3600 வைத்திருக்கிறார்கள். அவர்கள் பிரச்சினை தலைகீழ். பட்டியலில் பிஎம்ஐ2 இருக்கிறதே என்று அந்தக் கோப்பைப் போட்டிருந்தார்கள். ஓடியது, ஆனால் மெதுவாக. காரணம் இதுதான்: செஸ் பலகையில் 64 கட்டம், பிராசசர் ஒரே தடவையில் கையாளும் எண்ணிலும் 64 பிட், அதாவது 64 இடத்தில் பூஜ்யமோ ஒன்றோ. சிப்பாய்கள் எங்கே இருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் அடைத்துவிடலாம். யானை ஒரு வரிசையில் எதுவரை போகலாம் என்று பார்க்க, அந்த 64 பிட்டிலிருந்து வேண்டிய சில பிட்டுகளை மட்டும் பொறுக்கியெடுக்கும் கட்டளை ஒன்று பிஎம்ஐ2-ல் இருக்கிறது. இன்டெலில் அது சட்டென்று முடியும். ஏஎம்டி-யின் ஜென் 1, ஜென் 2 தலைமுறைச் சிப்புகளில் (ரைசன் 3600 ஜென் 2) பெயருக்கு இருக்கிறதே தவிர, உள்ளே சின்னச் சின்னப் படிகளாக உடைத்துச் செய்கிறது. 2020-ல் வந்த ஜென் 3-ல்தான் சரிசெய்தார்கள். ஏவிஎக்ஸ்2 கோப்புக்கு மாறச் சொன்னேன். கண்கூடாக வேகம் ஏறியது. காசு செலவில்லாமல் கிடைத்த வேகம் என்று அந்தப் பையனின் அப்பா இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி என் மெஷினுக்கு வருகிறேன். ஸ்டாக்ஃபிஷ் உள்ளேயே அளவுகோல் இருக்கிறது. பெஞ்ச் என்று தட்டி என்டர் அடித்தால், தனக்குள் வைத்திருக்கும் சில பலகை நிலைகளை ஒரே திரெட்டில் (ஒரே வேலை இழையில்) அலசிவிட்டு, நொடிக்கு எத்தனை நிலை பார்த்தேன் என்று கடைசியில் சொல்லும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஹாஷ் அளவு, திரெட் எண்ணிக்கை, ஆழம் (எவ்வளவு தூரம் முன்னோக்கிப் பார்ப்பது) என்று மூன்று எண்களைப் போட்டால் உங்கள் விருப்பப்படி ஓடும். நான் 1024, 4, 24 என்று போட்டேன். நான்கு கோரும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 20 லட்சம்.

அத்துடன் இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. இவ்வளவு நாளும் பலகை மென்பொருளில் ஹாஷ் 16 எம்பி என்றே இருந்திருக்கிறது. அது ஸ்டாக்ஃபிஷ்ஷின் ஆரம்ப அமைப்பு, நான் தொடவே இல்லை. ஹாஷ் என்பது என்ஜினின் ரஃப் நோட்டு. ஒரு முறை கணக்குப் போட்ட நிலை வேறு வழியில் மறுபடி வந்தால் நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டாக்ஃபிஷ் ஒவ்வொரு 32 பைட்டிலும் மூன்று நிலைகளை எழுதிவைக்கிறது. அப்படியானால் 16 எம்பி-யில் 15.7 லட்சம் பதிவுதான் பிடிக்கும். 1 ஜிபி கொடுத்தால் 10 கோடி. நொடிக்கு 20 லட்சம் நிலை பார்க்கிறவனுக்கு 15 லட்சம் பதிவு எழுதும் நோட்டு எந்த மூலைக்கு? இரண்டு ஜிபி கொடுத்துவிட்டு அந்தக் குதிரை நிலையை மறுபடி ஓட்டினேன். முதலில் கருப்புக்குச் சாதகம் என்றது. பொழுது போய்க்கொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் கழித்து, ஆழம் 31-ஐத் தொட்டபோது மனசை மாற்றிக்கொண்டு, வெள்ளைக்கு லேசான மேல்கை என்றது. அதற்குள் பாப்பா சாப்பிட்டு, தூங்கி எழுந்து, ஊருக்குக் கிளம்பத் தயாராக நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருபது பிள்ளைகள். ஆளுக்கு ஓர் ஆட்டம். நாற்பது நிமிடக் கணக்கு ஒத்துவராது. வாங்குவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு வேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். ஸ்டாக்ஃபிஷ் மட்டும் ஓடினால் போதும். லீலா மாதிரி பெரிய நரம்பு வலை (நியூரல் நெட்வொர்க்) என்ஜின்களுக்குத்தான் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். ஸ்டாக்ஃபிஷ்ஷிலும் 2020 செப்டம்பரில் 12-ஆம் பதிப்பிலிருந்து நரம்பு வலை இருக்கிறது, ஆனால் அது பிராசசரிலேயே ஓடுவதற்காகச் செய்யப்பட்ட சின்ன வகை. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்காக யூ நாசு என்பவர் 2018-ல் கொண்டுவந்த முறை. முழு எண்களைக் கூட்டிப் பெருக்கும் வேலைதான். அதை ஒரே அடியில் பலவற்றுக்குச் செய்யத்தான் அந்த ஏவிஎக்ஸ்2. ஆகவே கோர் நிறைய வேண்டும், ஏவிஎக்ஸ்2 கட்டாயம் வேண்டும், விளையாட்டுக் கார்டு வேண்டாம். பட்ஜெட் முப்பதாயிரம், பழைய கேபினெட்டும் மானிட்டரும் அப்படியே இருக்கட்டும்.

முதலில் மனம் போனது ரைசன் 5 5600-க்கு. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், ஜென் 3, எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி. லாங் பஜார் பக்கம் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் எனக்குத் தெரிந்த தம்பி இருக்கிறார், என்னிடம் படித்தவர். தாளைக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"சார், மானிட்டர் ஒயரு எங்க சொருவுவீங்க?"

"போர்டுலதான்."

"போர்டுல ஓட்டை கீது சார். படம் வராது. இந்தச் சிப்புல கிராஃபிக்ஸே கிடையாது. கார்டு தனியா வாங்கணும்."

இருபத்தைந்து வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்தக் கூட்டல் தெரியாமல் போய்விட்டது. 5600 விலை குறைவுதான், ஆனால் கூட ஒரு கார்டு சேர்த்தால் கணக்கு மேலே போகிறது. கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் இரண்டு மிஞ்சின: இன்டெலில் ஐ5-12400, ஏஎம்டி-யில் ரைசன் 5 5600ஜி. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். (12400எஃப் என்று எஃப் ஒட்டியிருந்தால் அதிலும் கிராஃபிக்ஸ் இல்லை. அந்த ஒற்றை எழுத்துக்காகப் பெட்டியை இரண்டு முறை படியுங்கள்.)

சில நாள் இழுத்தேன். 5600ஜி-யில் கிராஃபிக்ஸுக்கு இடம் விட்டதில் எல்3 கேஷ் 16 எம்பி-தான், 5600-இல் பாதி. 12400-இல் 18. செஸ்ஸுக்கு மட்டும் பார்த்தால் 12400 கொஞ்சம் முந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் உச்ச மின்சாரம் 117 வாட் வரை போகும், அதைக் குளிர்விப்பது எங்கள் மாடி அறையில். 5600ஜி 65 வாட் சிப், தேவைப்பட்டால் 45 வாட்டுக்கு இறக்கிக்கொள்ளலாம். அப்புறம், அந்தத் தம்பியிடம் கழற்றிவைத்த, ரைசனுக்கான ஒரு பி450 மதர்போர்டு சும்மாக் கிடந்தது. கடைசியில் தீர்மானித்தது அந்தப் போர்டுதான். மனிதர்கள் பிராசசர் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

இடையில் இன்னொரு கடையில், பெயர் வேண்டாம், செஸ் என்றதும் ஐ9 லேப்டாப் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். லேப்டாப்பில் செஸ் என்ஜின் முதல் ஒரு நிமிடம் குதிரை மாதிரி ஓடும். அப்புறம் சூடேறி, விசிறி அலறி, பாதி வேகத்துக்கு வந்து நிற்கும். கேம் விளையாடும்போது பிராசசருக்கு நடுநடுவே மூச்சு கிடைக்கும். செஸ் அலசலில் எல்லாக் கோரும் நூறு சதவீதத்தில், நிறுத்தும்வரை.

பொருத்தியது ஒரு சனிக்கிழமை மாலை வேலை. எட்டு ஜிபி டிடிஆர்4 ராம் துண்டு இரண்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி. ஒரே ஒரு தடங்கல்: சுவிட்ச் போட்டதும் விசிறி சுற்றியது, திரை கருப்பு. பி450 போர்டு 5600ஜி-யைவிட மூத்தது. அதன் பயாஸுக்கு, அதாவது போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரலுக்கு, இந்தச் சிப்பை அடையாளம் தெரியவில்லை. தம்பி கடையிலிருந்த பழைய ரைசன் ஒன்றைப் போட்டு பயாஸைப் புதுப்பித்துவிட்டு மறுபடி இதை வைத்தார். படம் வந்தது.

பெஞ்ச். ஒரு திரெட்டில் 12 லட்சத்தைத் தாண்டியது. ஆறு திரெட்டில் 64 லட்சம். பன்னிரண்டில் 85 லட்சம். ஒரு கோர் இரண்டு திரெட்டாக நடிப்பது செஸ்ஸுக்கு உதவாது என்று பல வருடமாக ஒரு பேச்சு உண்டு. என் மெஷினில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைத்தது, ஆகவே பன்னிரண்டும் போடுகிறேன். பிரௌசர் திறந்திருக்கும் நாளில் பத்து. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எண்ணிக்கை நான்கு மடங்கு ஏறினால் புத்தி நான்கு மடங்கு ஏறாது. ஸ்டாக்ஃபிஷ்ஷில் எல்லாத் திரெட்டும் ஒரே மரத்தைத்தான் அவரவர் கொஞ்சம் முன்பின்னாக ஏறிப் பார்க்கிறார்கள், ஒரே ஹாஷ் நோட்டைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் பார்த்ததை இன்னொருவரும் பார்ப்பது நடக்கும். ஆகவே ஒரே விலையில் வேகமான ஆறு கோரும் மெதுவான எட்டு கோரும் கிடைத்தால் நான் ஆறைத்தான் எடுப்பேன்.

85 லட்சம் என்று பார்த்ததும் ஒரு சின்னப் பெருமை. பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருவன் கேட்டான், டீப் புளூ எவ்வளவு சார் என்று. 1997-ல் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று தோற்கடித்த ஐபிஎம் மெஷின். நொடிக்கு 20 கோடி நிலை, அதற்கென்றே செய்த 480 செஸ் சிப்புகளோடு. நம் மெஷின் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இரண்டையும் மோதவிட்டால் இன்றைய ஸ்டாக்ஃபிஷ் டீப் புளூவை ஊதித்தள்ளிவிடும், ஏனென்றால் இது பார்க்கவே தேவையில்லாத கிளைகளை முதலிலேயே வெட்டிவிடுகிறது, பார்த்த நிலையை நரம்பு வலையால் நன்றாக எடைபோடுகிறது. "அப்போ ஏன் சார் புது பிராசசர் வாங்குனீங்க?" என்று அதே பையன் கேட்டான். அவனுக்கு அன்றைக்கு கூடுதலாக ஒரு எண்ட்கேம் வீட்டுப்பாடம் கொடுத்தேன்.

மார்கழி, தை, மாசி வரை எந்தக் குறையும் இல்லை. வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? பங்குனி பிறந்ததும் மாடி அறை தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. சித்திரையில் ஒரு ஞாயிறு, ஆழம் 30-க்கு ஆறு நிமிடத்தில் போகிற நிலை பத்து நிமிடம் ஆகியும் வரவில்லை. ஏதோ அப்டேட் கெடுத்துவிட்டது என்று நினைத்து என்ஜினைத் திரும்ப இறக்கினேன். (புத்தி எங்கே போகும்.) பெஞ்ச் போட்டால் 83 லட்சம், சரியாகவே இருக்கிறது. குழப்பம்.

பெஞ்ச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பது மண்டையில் உறைக்க இரண்டு நாள் ஆனது. இந்த முறை ஒரு நிலையை வைத்து, நிறுத்தச் சொல்லும்வரை ஓடு என்று விட்டுவிட்டு, பக்கத்து ஜன்னலில் சிப்பின் வெப்பத்தைக் காட்டும் சென்சார்ஸ் கட்டளையை இரண்டு நொடிக்கு ஒரு முறை ஓடவிட்டேன். அறையில் சுவர் வெப்பமானி 39. நோட்டில் எழுதியது இது: இரண்டாம் நிமிடம் 84 டிகிரி, 84 லட்சம். ஆறாம் நிமிடம் 92 டிகிரி. பத்தாம் நிமிடம் 95, அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. வேகம் 77 லட்சம். இருபதாம் நிமிடம் அதே 95, 71 லட்சம். 5600ஜி-க்கு 95 டிகிரி எல்லைக்கோடு. அதைத் தாண்டாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சிப்பைக் குறை சொல்ல முடியாது, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

பிராசசர் மேல் உட்காரும் கூலர் என்பது ஃபிரிட்ஜ் இல்லை. அறைக் காற்றைத்தான் எடுத்து வீசுகிறது; அறையைவிடக் குளிராக எதையும் ஆக்காது. ஏசி அறையில் 24 டிகிரியில் சோதித்து "80 டிகிரிதான் போகிறது, பெட்டியோடு வரும் கூலரே போதும்" என்று ஒருவர் எழுதினால், சத்துவாச்சாரி மாடியில் அதோடு பதினைந்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டினால் 95. இதைப் பிராசசர் தேர்ந்தெடுக்கும்போதே நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு. கேபினெட்டைத் திறந்தால் வேறொன்றும் தெரிந்தது: முன்பக்க வலையில் பாலாற்றுப் பக்கத்துப் புழுதி ஒரு போர்வை மாதிரி. அதை பிரஷ் போட்டுத் தட்டியதில் மட்டும் மூன்று டிகிரி இறங்கியது. மிச்சத்துக்கு 120 மில்லிமீட்டர் விசிறி வைத்த டவர் கூலர் ஒன்று வாங்கினேன். உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல்; என் பழைய கேபினெட்டின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் காசு கொடுத்தேன்.

அடுத்து நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

பழைய கூலரின் நான்கு திருகுகளையும் கழற்றினேன். மெஷின் இரவு முழுக்க அணைந்து இருந்தது, சில்லென்று இருந்தது. கூலரை மேலே இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். "டப்" என்று ஒரு சத்தம், கூலர் கையோடு வந்தது. அடியில் பிராசசரும் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

5600ஜி மாதிரி ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் சிப்புகளில் கால்கள் பிராசசரிலேயே இருக்கின்றன, 1331 கால்கள். சாக்கெட்டில் ஒரு சின்னக் கொண்டி அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். கூலர் மேலே இருக்கும்போது அந்தக் கொண்டியைத் திறக்க முடியாது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் ஆறிப்போய் கோந்து மாதிரி பிடித்திருந்தால், இழுக்கிற இழுப்பில் பிராசசர் பூட்டியிருந்தபடியே உருவிக்கொண்டு வந்துவிடும். 12400 வாங்கியிருந்தால் இந்தக் கூத்து இல்லை. இன்டெலில் கால்கள் போர்டில் இருக்கின்றன, சிப்பை ஓர் இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருக்கும்.

மேஜை விளக்கைச் சாய்த்து வைத்து, பிராசசரைப் பக்கவாட்டில் கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்தேன். வரிசை வரிசையாக நட்ட நாற்று மாதிரி கால்கள். ஓர் ஓரத்தில் மட்டும் மாடு மிதித்த மாதிரி மூன்று சாய்ந்திருந்தன. ஒன்று கிட்டத்தட்ட படுத்தே விட்டது. கை நடுங்கியது உண்மை. வீட்டில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

வாத்தியார் மேஜையில் லீட் பென்சில் இல்லாமல் இருக்குமா? 0.7 மில்லிமீட்டர் பென்சில், லீடை முழுதாக வெளியே எடுத்துவிட்டேன். அந்தக் காலிக் குழாய் முனையைச் சாய்ந்த காலின்மேல் மெல்ல நுழைத்து, ஒரு மயிரிழை நிமிர்த்தி, வெளியே எடுத்துப் பார்த்து, மறுபடி ஒரு மயிரிழை. ஒரே மூச்சில் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும், முன்னும் பின்னும் ஆட்டினாலும் ஒடியும். மூன்று காலுக்கு முக்கால் மணி நேரம். பிறகு காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரத்தை இரண்டு வரிசைகளுக்கு நடுவே செருகி இழுத்துப் பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை. சாக்கெட்டில் முக்கோணக் குறியைப் பார்த்து வைத்தேன். அழுத்தவே கூடாது, தன் எடையிலேயே இறங்க வேண்டும். முதல் தடவை இறங்கவில்லை. எடுத்து, படுத்திருந்த அந்த ஒற்றைக் காலை இன்னும் கொஞ்சம் சரிசெய்தேன். இரண்டாம் தடவை "சொத்" என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்கு இணையாக இந்த வருடம் வேறெதையும் நான் கேட்கவில்லை.

பிறகு கடைத் தம்பியிடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், செஸ் என்ஜினைப் பத்து நிமிசம் ஓடவிட்டு, சூடா இருக்கும்போது ஆஃப் பண்ணி, கூலரை இப்படி அப்படின்னு திருகி எடுக்கணும். மேல இழுக்கவே கூடாது." என்னிடம் இருந்ததிலேயே சூடேற்றும் கருவி அந்த என்ஜின்தான், அதை ஓட்டாமல் விட்டிருக்கிறேன்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து டவர் கூலரை மாட்டினேன். அதே நிலை, அதே 39 டிகிரி மதியம், முப்பது நிமிடம்: 82 டிகிரியில் நின்றது, வேகம் 83 லட்சத்துக்குக் கீழே போகவில்லை. பயாஸில் 45 வாட் என்று மாற்றிப் பார்த்தேன். 70 டிகிரி, 76 லட்சம். பத்து சதவீதத்துக்கும் குறைவான இழப்பில் பன்னிரண்டு டிகிரி இறங்கி, விசிறிச் சத்தமும் அடங்கிவிடுகிறது. கத்திரி முடியும்வரை 45-லேயே விட்டிருக்கிறேன். இருபது பிள்ளைகள் மூச்சுவிடும் அறையில் கூட ஒரு அடுப்பு எதற்கு?

ஹாஷ் சாதாரணமாக 4 ஜிபி, இரவு முழுக்க ஓட்டும்போது 8. பலகையில் ஐந்து காய் வரை மிஞ்சும்போது முடிவை அப்படியே சொல்லிவிடும் சிசிஜி எண்ட்கேம் அட்டவணைகளை எஸ்எஸ்டி-யில் போட்டிருக்கிறேன், ஒரு ஜிபி-க்குள் முடிந்துவிடுகிறது. ஆறு காய்க்கு 150 ஜிபி கேட்கும்; பிள்ளைகள் யானை எண்ட்கேமை ஒழுங்காக ஆடக் கற்றுக்கொள்ளட்டும், அப்புறம் பார்க்கலாம். கரண்ட் போனால் அலசல் பாதியில் போகக் கூடாதென்று ஒரு சின்ன யுபிஎஸ். சுவர் மீட்டரில் முழு மெஷினும் நூறு வாட்டுக்குப் பக்கத்தில்தான் காட்டுகிறது, அதாவது பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

போன ஞாயிறு பாப்பா வந்தபோது அந்தப் பழைய ஸ்கோர் ஷீட்டைத் தேடி எடுத்து நிலையை வைத்தோம். ஆறு நிமிடத்தில் ஆழம் 31. வெள்ளைக்கு மேல்கை. குதிரையைக் கொடுத்தது சரிதான். அதற்கு இரண்டு நகர்த்தல் தள்ளி ராணியைத் தவறான கட்டத்துக்குக் கொண்டுபோனதுதான் ஆட்டத்தைக் கெடுத்தது.

"பாத்தீங்களா மாமா, குதிரை சரிதானே?"

"குதிரை சரி. ராணி?"

"அது டைம் இல்ல மாமா."

பழைய ஐ5-3470-ஐ அவள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன். பஸ்ஸில் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஹாஷை 2 ஜிபி-யாக மாற்றிவைத்திருக்கிறேன். மறந்துபோய் யாராவது வேறு கோப்பை இறக்கிவிட்டு மூன்று முறை டவுன்லோட் செய்துகொண்டிருக்கக் கூடாதே என்று, எஸ்எஸ்இ41-பாப்கவுண்ட் என்று தடித்த ஸ்கெட்ச் பேனாவில் எழுதி பக்கவாட்டுத் தகட்டில் ஒட்டியிருக்கிறேன்.